பின்னால் அமர்பவருக்கு எந்த நிறத் தலைக்கவசம்? கொங்கு நாட்டு வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைக்கவச வணிகர்களுக்கும் இருசக்கர வாகன விற்பனை முகவர்களுக்கும்,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் தலைக்கவசம் விற்கும் கடைகளை நடத்துபவர்களையும், புதிய வண்டியுடன் ஒரு தலைக்கவசத்தையும் சேர்த்துக் கொடுப்பவர்களையும் எண்ணி இம்மடலை எழுதுகிறேன். நான் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையிலும் மாலையிலும் கணவர் ஓட்டும் வண்டியில் பின்னால் அமர்ந்து செல்பவள். என் வேண்டுகோள் ஒன்றே. பின்னால் அமர்பவருக்கென்று நீங்கள் எடுத்துக் கொடுக்கும் தலைக்கவசம் தொலைவிலிருந்தே கண்ணில் படுகிற வெளிர்நிறமாக இருக்க வேண்டும்; அந்த நிறங்களில் சரக்கு வரவழைத்து, அவற்றைக் கடையின் உள்மூலையில் அடுக்காமல் முகப்பில் தொங்கவிட வேண்டும்.

ஓட்டுபவரை விட்டுவிட்டுப் பின்னால் அமர்பவரைப் பற்றி மட்டும் ஏன் பேசுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். இருவர் செல்லும் வண்டியைப் பின்னாலிருந்து பாருங்கள். ஓட்டுபவர் எவ்வளவு பளிச்சென்ற சட்டை அணிந்திருந்தாலும், எவ்வளவு நல்ல தலைக்கவசம் போட்டிருந்தாலும், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அதில் பெரும்பகுதி தெரிவதில்லை. பின்னால் அமர்ந்திருப்பவரின் முதுகும் தலையும் அவரை மறைத்துவிடுகின்றன. பல வண்டிகளில் பின் இருக்கை சற்று உயரமாக இருப்பதால், பின்னால் இருப்பவரின் தலைதான் வண்டியின் உச்சியாகவும் இருக்கிறது. பின்விளக்கு இருக்கிறதே என்று சொல்லலாம். புடவை முந்தானையும், துப்பட்டாவும், பிள்ளையின் புத்தகப் பையும், சந்தையிலிருந்து கொண்டுவரும் காய்கறிப் பையும் அந்தச் சிறு விளக்கை எத்தனை எளிதில் மறைத்துவிடுகின்றன என்பதை எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் நின்று பார்க்கலாம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் விடும் நேரத்தில் பல்லடம் சாலையில் வண்டிகள் நெருக்கியடித்துப் போகும்போது விளக்கு, இலக்கத் தகடு, சக்கரம் என எல்லாமே முன்னும் பின்னும் நிற்கும் வாகனங்களுக்கிடையில் மறைந்து, தலைகள் மட்டுமே மேலே தெரிகின்றன.

முன்பக்கத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் வரும் புதிய வண்டிகளில் முகப்பு விளக்கு தானாகவே எரிந்துகொண்டிருப்பதால், எதிரில் வருபவருக்குப் பகலிலும் ஓர் அடையாளம் கிடைத்துவிடுகிறது. பின்னால் ஆள் ஏறியதும் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, அந்த விளக்கின் ஒளி சற்று மேலே தூக்கி எதிரில் வருபவரின் கண்ணில் அடிப்பதும் உண்டு. பின்பக்க ஷாக் அப்சார்பரை இரண்டு பேருக்கேற்ப முறுக்கி வைத்தால் அது பெரிதும் சரியாகும் என்பதை வண்டி விற்கும் முகவர்கள் வாங்குபவரிடம் சொல்லிக் கொடுத்தால் நல்லது. ஆனால் பின்பக்கத்துக்கு இப்படி நம்பத்தக்க துணை எதுவும் இல்லை. அங்கே மறைக்க முடியாதது தலை ஒன்றுதான்.

சென்ற முறை தலைக்கவசம் வாங்கப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கடை, எந்த ஊர் என்பது இங்கே தேவையில்லை. பெரும்பாலான கடைகளில் இதே பேச்சுதான். சுவர் முழுக்க அடுக்கியிருந்தவற்றில் பளபளப்பில்லாத கருப்பு, அதற்கடுத்து அடர்சாம்பல், பிறகு கருப்பின்மேல் சிவப்பு நெருப்பு போல வரைந்தவை. வெள்ளையோ மஞ்சளோ இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "கருப்புத்தானுங்க டீச்சர் ஓடுது. வெள்ளை எடுத்து வெச்சா செம்மண்ணு புடிச்சு யாரும் கையிலயே எடுக்க மாட்டேங்கறாங்க." நான் விடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "பின்னால உக்கார்றவங்களுக்கு எந்தக் கலரா இருந்தா என்னங்க?" என்றார். பிறகு மேலடுக்கிலிருந்து ஒரு வெள்ளையை இறக்கி, தூசியைத் துடைத்துக் கொடுத்தார். அது என் தலைக்கு இரண்டு அளவு பெரியது. தாடைக்குக் கீழ் கட்டும் வாரை இழுத்துக் கட்டியும் நெற்றியில் இறங்கிக் கண்ணை மறைத்தது. வெளிர்நிறத்தில் அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

எந்தக் கலராக இருந்தால் என்ன என்ற அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பகுதியில் 1993 முதல் 1996 வரை விபத்தில் காயமடைந்த மோட்டார் சைக்கிள் ஓட்டிகளையும், அதே பகுதிச் சாலைகளில் விபத்தின்றிச் சென்ற ஓட்டிகளையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியானது. கருப்புத் தலைக்கவசம் அணிந்தவர்களைவிட வெள்ளைத் தலைக்கவசம் அணிந்தவர்களுக்குக் காயம்படும் விபத்தின் வாய்ப்பு 24 விழுக்காடு குறைவாக இருந்தது. ஃப்ளோரசன்ட் எனப்படும் பளீர் ஒளிர்நிற உடையோ, ஒளி திருப்பும் பட்டை கொண்ட உடையோ அணிந்தவர்களுக்கு 37 விழுக்காடு குறைவு. வண்டியின் நிறத்துக்கும், சாதாரணச் சட்டையின் நிறத்துக்கும் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. வாங்குபவர்கள் வண்டியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். தலைக்கவசத்தின் நிறத்தை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஆய்வு ஓட்டுபவர்களைப் பற்றியதுதான் என்றாலும், ஓட்டுபவரே மறைந்துபோகும் பின்பக்கத்துக்கு அதே நியாயம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிந்தாக வேண்டும் என்று வந்தபோது உங்கள் கடைகளில் எவ்வளவு கூட்டம் நின்றது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று காவல்துறையின் அபராதத்துக்கு அஞ்சிக் கையில் கிடைத்ததை வாங்கிப் போனார்கள். பின்னால் இருப்பவருக்கு ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்ற எண்ணம் அன்று ஊன்றியது, இன்றும் மாறவில்லை.

இனி நிறத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வெளிர்நிறம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் நீங்கள் எதை வரவழைப்பது என்று தெரியாமல் போகும். பகலொளியில் மனிதக் கண் மிக நன்றாக உணர்வது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தை. அறிவியலில் அதை 555 நானோமீட்டர் அலைநீளம் என்பார்கள். ஃப்ளோரசன்ட் மஞ்சள், பச்சை கலந்த எலுமிச்சை நிறமாக இருப்பதற்கு அதுவே காரணம். வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அது வாங்கிக்கொண்டு, தெரியும் ஒளியாக மாற்றி வெளிவிடுவதால்தான், தன்மேல் விழும் ஒளியைவிட அதிகமாக ஒளிர்வது போலத் தோன்றுகிறது. மேகமூட்டமான நாளிலும், பொழுது சாயும் நேரத்திலும் இந்தக் குணம் மிகவும் கைகொடுக்கும். சிவப்பு இதற்கு நேர்மாறு. அந்தி மயங்கும்போது செவ்வரளிப் பூ கருத்துப்போய், அதன் இலைகள் வெளிறித் தெரிவதை வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். மங்கிய ஒளியில் கண்ணுக்குச் சிவப்பு முதலில் மறைந்துவிடுகிறது. ஆகவே சிவப்புத் தலைக்கவசம் பளிச்சென்று இருக்கிறது என்று சொல்லி விற்பது பகலுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆனால் எல்லாச் சாலைக்கும் ஒரே நிறம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னணியோடு மாறுபட்டு நிற்பதுதான் கண்ணில் படும். எங்கள் காங்கேயம் பக்கம் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியும் செம்மண்ணுமாகக் கிடக்கும் வறண்ட பூமியில் எலுமிச்சை மஞ்சளை எவ்வளவு தொலைவிலிருந்தும் காணலாம். அங்கே ஆரஞ்சு நிறம் மண்ணோடு சற்றே ஒட்டிப்போகிறது. கோபி பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வாழையும் பச்சைப்பசேல் என்று நிற்கும் வழியிலும், பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை வரை தென்னந்தோப்புகளுக்கிடையே போகும் வழியிலும் ஆரஞ்சுதான் தனித்து நிற்கும். வெள்ளை இவ்விரண்டு இடங்களிலும் நன்றாகவே தெரியும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகிறவர்களும், திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளில் ஏறுகிறவர்களும் பனிமூட்டத்தில் மாட்டிக்கொள்ளும்போது மட்டும் வெள்ளை அந்தப் பனியிலேயே கரைந்துவிடும்; அவர்களுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ கொடுங்கள். எந்தப் பக்கம் அதிகம் போவீர்கள் என்று வாங்குபவரிடம் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்க நேரமில்லையென்றால் வெள்ளையை எடுத்துக் கொடுங்கள்.

மர நிழலைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாலையோரப் புளியமரங்கள் இன்னும் எஞ்சியிருக்கும் கிளைச் சாலைகளில், உச்சி வெயிலில் வரும் ஓட்டுநரின் கண் திடீரென்று நிழலுக்குள் நுழையும்போது அந்த இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வாகனம் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். அந்த நொடியில், இலைகளின் ஊடே வெயில் புள்ளி புள்ளியாக விழும் நிழலுக்குள் போய்க்கொண்டிருக்கும் கருப்புத் தலைக்கவசம் நிழலின் ஒரு துண்டாகவே தெரிகிறது. கருப்பின்மேல் கோடும் கிறுக்கலுமாக வரைந்த தலைக்கவசங்கள் இதைவிட மோசம், ஏனென்றால் அந்த வரைவு தலையின் உருண்டை வடிவத்தையே சிதைத்துவிடுகிறது. ஒரே நிறத்தில், வரைவேதும் இல்லாமல் இருப்பதைத்தான் கண் ஒரு மனிதத் தலை என்று உடனே இனம் காண்கிறது. இளைஞர்கள் அந்த வரைவுகளைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். தமக்கு எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். பின்னால் அமரப்போகும் அம்மாவுக்கோ மனைவிக்கோ தங்கைக்கோ வாங்கும்போதாவது வெற்று வெள்ளையை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இரவில் நிறத்தின் பயன் பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வாகன விளக்கில் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு என்பதால், ஃப்ளோரசன்ட் மஞ்சளின் தனிச்சிறப்பு இருட்டில் பெருமளவு போய்விடும். கருப்பைவிட மேல் என்ற அளவில்தான் அது நிற்கும். இரவுக்கு வேண்டியது, விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டிவ் பட்டை. பிரான்ஸ் நாட்டில் தலைக்கவசத்தின் முன், பின், இரு பக்கங்கள் என நான்கு இடங்களிலும் அது ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படிக் கட்டாயமில்லை என்பதற்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. லாரிகளின் பின்னால் ஒட்டும் அதே வகைப் பட்டை ஆட்டோமொபைல் கடைகளில் கிடைக்கிறது. பின்னால் அமர்பவரின் தலைக்கவசத்தில் பின்புறம் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்புப் பட்டையும், இரு பக்கமும் வெள்ளைப் பட்டைகளும் ஒட்டிக் கொடுங்கள். சிறு பொட்டு போல ஒட்டாதீர்கள். பட்டை ஒளியை விளக்கு இருக்கும் இடத்துக்கே திருப்புகிறது. நாமக்கல் லாரி ஓட்டுநரோ, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஓட்டுநரோ தம் விளக்குகளைவிட வெகு உயரத்தில் அமர்ந்திருப்பதால் அவர் கண்ணுக்கு அதில் குறைந்த பங்கே போய்ச்சேரும். அந்தக் குறையை ஈடுசெய்ய விரல் அகலத்திலாவது நீளமான பட்டை வேண்டும். தலைக்கவசத்தோடு வரும் எச்சரிக்கைக் குறிப்பைப் பார்த்துவிட்டே ஸ்டிக்கர் ஒட்டுங்கள்; பெயிண்ட் அடிக்கவோ தின்னர் போட்டுத் துடைக்கவோ கூடாது. பெயிண்டிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் பிளாஸ்டிக் ஓட்டைப் பலவீனமாக்கிவிடும்.

அழுக்காகிவிடும் என்ற உங்கள் தயக்கத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. செம்மண் சாலையில் வெள்ளை அழுக்காகத்தான் செய்யும். ஆனால் பளபளப்பான வெள்ளையைச் சற்று சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடுகிறது. பளபளப்பில்லாத பூச்சில்தான் புழுதி உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே வெள்ளையில் பளபளப்பானதையே வரவழையுங்கள். விற்காமல் நிற்கும் சரக்கை மெல்லிய நெகிழி உறையோடு தொங்கவிட்டால் தூசியும் அண்டாது. ஃப்ளோரசன்ட் நிறம் மட்டும் வெயிலில் நாளடைவில் வெளுத்துவிடும் என்பதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லி, வண்டியின்மேல் வெயிலில் வைக்காமல் கையோடு எடுத்துச் செல்லச் சொல்ல வேண்டும். வெயில் என்றதும் இன்னொன்று: கருப்பு வெப்பத்தை உள்வாங்குகிறது, வெள்ளை பெருமளவு திருப்பிவிடுகிறது. சித்திரை வெயிலில் அவிநாசி சாலை சிக்னல்களில் நிற்கும்போது பின்னால் இருப்பவர்கள் கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் அதைத் தலையிலேயே வைத்திருக்கச் செய்வதற்கும் வெள்ளை உதவும்.

நிறம் சரியாக இருந்து அளவு தவறினால் பயனில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத தலைக்கவசத்தை விற்பது 2021 ஜூன் 1 முதல் குற்றம் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. நான் கேட்பது, வெளிர்நிறங்கள் 580, 600 மில்லிமீட்டர் தலைச்சுற்றளவுக்கான அளவுகளில் மட்டும் வந்து நின்றுவிடாமல், பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பொருந்தும் சிறிய அளவுகளிலும் வர வேண்டும் என்பதே. கொண்டை போட்டவர்கள் கடையிலேயே கொண்டையைக் கீழே தாழ்த்திப் பின்னலாக்கி அணிந்து பார்க்க ஒரு கண்ணாடியும் ஒரு முக்காலியும் போட்டு வையுங்கள். நான்கு வயதைக் கடந்த பிள்ளைக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகளின் தலைக்கவசத்தில்தான் நல்ல மஞ்சளும் ஆரஞ்சும் ஏற்கெனவே கிடைக்கின்றன. அதே நிறங்கள் தாய்மாருக்குக் கிடைக்காமலிருப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

வண்டி விற்பனை முகவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆவது விதிப்படி, வண்டி வாங்கும்போது தரச்சான்று பெற்ற தலைக்கவசம் ஒன்றைத் தயாரிப்பாளர் கொடுத்தாக வேண்டும். எங்கள் தெருவில் நான் பார்க்கும் வீடுகளில் அந்தத் தலைக்கவசத்தை வண்டியின் சொந்தக்காரர் அணிவதில்லை. அவர் தமக்குப் பிடித்ததைத் தனியாக வாங்கிக்கொள்கிறார். ஷோரூமில் கொடுத்தது வீட்டிலிருக்கும் பெண்ணின் தலைக்குப் போய்விடுகிறது. அது பெரும்பாலும் கருப்பு, ஒரே அளவு. ஆகவே நீங்கள் உங்கள் நிறுவனத்துக்கு அடுத்த சரக்குக் கோரிக்கை எழுதும்போது, வண்டியோடு வரும் தலைக்கவசத்தில் ஒரு பகுதியாவது வெள்ளையிலும் சிறிய அளவிலும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். வண்டியை ஒப்படைக்கும் நாளில், பின்னால் யார் அமரப்போகிறார்கள் என்று கேட்டு, அவரையே அழைத்து அணிவித்துப் பார்த்துக் கொடுங்கள். பூசை போட்டுப் படம் எடுக்க ஒதுக்கும் நேரத்தில் இதுவும் நடந்துவிடும்.

ஐப்பசி மழை தொடங்கினால் மாலை ஐந்தரைக்கே இருட்டிக்கொண்டு வரும்; ஓட்டுநர்களின் முன்கண்ணாடியில் தண்ணீர் வழியும். அதற்கு முன், புரட்டாசிக்குள் உங்கள் சரக்கில் வெள்ளையும் ஃப்ளோரசன்ட் மஞ்சளும் ஆரஞ்சும் சிறிய அளவுகளில் வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வந்துவிட்டால் அவை இனி நம் ஊரிலேயே கிடைக்கும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல நானும் என் உடன் ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். கேட்டு வருபவர்கள் இல்லை என்று நீங்கள் சொல்லும் குறையை எங்களால் இயன்ற அளவு நாங்கள் தீர்க்கிறோம். இருப்பில் இல்லை என்று நாங்கள் சொல்லும் குறையை நீங்கள் தீர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பின் இருக்கையில் செல்லும் ஓர் ஆசிரியை,
காங்கேயம்.